நலம் நாடுவோம்: குளிசை கெடுத்ததா, குளிசை காட்டிக்கொடுத்ததா?



பிள்ளையின் சளி, கணவரின் சீனி வியாதி, மாமியாரின் மூட்டுவலி என்று வழக்கமாக வரும் கடிதங்களுக்கிடையே இம்முறை ஒரு பூனைக்காக ஒரு கடிதம் வந்திருக்கிறது. கிளிநொச்சி உருத்திரபுரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்:

"எங்கள் வீட்டுப் பூனைக்கு 13 வயது. குட்டியிலிருந்து வளர்த்தவர் என் மாமி. அவர் மௌத்தாகும்போது அதை என்னிடம்தான் ஒப்படைத்துவிட்டுப் போனார். சில மாதங்களாக எவ்வளவு தின்றாலும் மெலிந்துகொண்டே போனது. இரவெல்லாம் கத்தியது. மிருக வைத்தியர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பித் தைரொயிட் கூடிவிட்டது என்றார். கார்பிமசோல் குளிசை தொடங்கினோம். ஐந்து கிழமையில் அமைதியாகிவிட்டது, உடம்பும் கொஞ்சம் தேறியது. ஆனால் முதலில் 1.5 ஆக இருந்த கிரியேட்டினின் இப்போது 2.2 ஆகிவிட்டது. குளிசைதான் சிறுநீரகத்தைப் பழுதாக்கியது, நிறுத்திவிடு என்கிறார் என் கணவர். நிறுத்தினால் மெலிந்து சாகும், கொடுத்தால் சிறுநீரகம் போகும் என்றால் நான் என்னதான் செய்வது?"

சகோதரியின் பயம் நியாயமானது. வன்னியில் வாழ்கிறவர்களுக்குச் சிறுநீரக நோய் என்ற சொல்லே நெஞ்சைக் கலக்கும். 1990களில் அநுராதபுர மாவட்டத்தின் பதவியா, மதவாச்சிப் பகுதிகளில் விவசாயக் குடும்பங்களிடையே கண்டறியப்பட்ட, காரணம் இன்னும் முழுமையாகத் தெளியாத சிறுநீரக நோய், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் காணப்பட்டிருக்கிறது. எத்தனை வீடுகளில் கிரியேட்டினின் என்ற சொல்லைப் படிக்காத பெண்களும் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள்! அந்த எண் ஏறினால் வீடே இருண்டுவிடும். ஆனால் இந்தப் பூனைக்கு வந்திருப்பது அந்த நோயல்ல. ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றுவதுமல்ல. பிள்ளைகளைப் பூனையிடமிருந்து விலக்கி வைக்கத் தேவையில்லை.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், பிறகு காரணத்தைச் சொல்கிறேன். குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குளிசை சிறுநீரகத்தைக் கெடுக்கவில்லை. ஏற்கெனவே தளர்ந்திருந்த சிறுநீரகத்தை அந்த நோய் இதுவரை மறைத்து வைத்திருந்தது. மறைப்பு விலகியதும் உண்மை தெரிகிறது, அவ்வளவுதான். ஆனாலும் குளிசையின் அளவு சரியா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஏன் என்பதையும் சொல்கிறேன்.

கழுத்தில் ஒரு சிறு சுரப்பி

நமக்கு இருப்பதுபோலப் பூனைக்கும் கழுத்தில் மூச்சுக் குழாயின் இருபுறமும் தைரொயிட் சுரப்பி இருக்கிறது. உணவிலுள்ள அயடீனைக் கொண்டு அது ஒரு சுரப்பு நீரை உண்டாக்குகிறது. நம் நாட்டில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது இந்தச் சுரப்பிக்காகத்தான். உடம்பு என்ற அடுப்பு எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்று தீர்மானிப்பது அதன் வேலை. குறைந்தால் உடம்பு மந்தமாகும், கூடினால் அடுப்பு கொழுந்துவிட்டு எரியும். போடும் விறகெல்லாம் சாம்பலாகும். அதனால்தான் இந்தப் பூனைகள் நிறையத் தின்றும் மெலிகின்றன.

பூனைகளில் இந்த நோய் வைத்திய உலகுக்குத் தெரிய வந்ததே 1979, 1980 ஆண்டுகளில்தான். நியூயோர்க் நகரின் மிருக வைத்தியர்கள் அதை முதன்முதலில் விவரித்தார்கள். இன்று உலகில் வயதான பூனைகளுக்கு வரும் சுரப்பி நோய்களில் இதுவே முதலிடம். பெரும்பாலும் 10 வயதைத் தாண்டிய பிறகே வருகிறது. சுரப்பியில் தோன்றும் கட்டி மிகப் பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான். புற்றுநோயாக இருப்பது 100 இல் ஒன்று முதல் மூன்று வரைதான். ஏன் வருகிறது என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. டின்னில் அடைத்த உணவு, உணவிலுள்ள அயடீன் ஏற்றத்தாழ்வு, மெத்தை நாற்காலிகளில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கப்படும் இரசாயனம் என்று பலவற்றை ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள்.

அடையாளங்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வயதான பூனை, பசி கூடுதல், எடை குறைதல், ஓயாத நடை, இரவில் கத்தல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் போதல், எண்ணெய் படிந்தது போன்ற கலைந்த ரோமம், படபடக்கும் நெஞ்சு. "வயசு போய்விட்டது, அதனால்தான்" என்று நாம் விட்டுவிடும் பல பூனைகளுக்கு உண்மையில் இந்த வியாதிதான் இருக்கும்.

சிறுநீரகம் எப்படி மறைந்திருந்தது?

இரணைமடுக் குளத்து நீரில் வயல் செய்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. துருசை அளவுக்கு மேல் திறந்துவிட்டால் வாய்க்கால் நிறைய நீர் பாயும். மண் தூர்ந்த வாய்க்காலிலும் நீர் தளதளவென்று ஓடும். கடைசி வயலுக்கும் போய்ச் சேரும். வாய்க்கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைப்போம். துருசைச் சரியான அளவுக்கு இறக்கிய பிறகுதான், எங்கே தூர்ந்திருக்கிறது என்பது தெரியும். அதற்காகத் துருசை இறக்கியவன்தான் வாய்க்காலைத் தூர்த்தான் என்று யாராவது சொல்வார்களா?

தைரொயிட் கூடும்போது இருதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் கூடுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் வழக்கத்துக்கு மேல் வடிகட்டுகின்றன. வடிகட்டிகளில் பாதிக்கு மேல் பழுதாகியிருந்தாலும், மிச்சமிருப்பவை ஓடி ஓடி வேலை செய்வதால் கழிவு இரத்தத்தில் தங்குவதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. மெலிந்து எலும்பும் தோலுமான பூனையிடம் தசையே குறைவு, ஆகவே அந்தக் கழிவும் குறைவு. இப்படி இரண்டு வழியிலும் எண் குறைந்து காட்டுகிறது. உங்கள் பூனைக்கு முதலில் வந்த 1.5 என்பது இப்படி வந்த எண்ணாக இருக்கலாம்.

குளிசை வேலை செய்யத் தொடங்கியதும் இரத்த ஓட்டம் பழைய நிலைக்கு வருகிறது, தசையும் சிறிது ஊறுகிறது. எண் உயர்கிறது. சிகிச்சை பெறும் பூனைகளில் இப்படிச் சிறுநீரகக் குறைபாடு வெளிப்படுபவை, ஆய்வுக்கு ஆய்வு மாறுபட்டாலும், 100 இல் 15 முதல் 40 வரை இருக்கின்றன. அபூர்வமான விஷயமல்ல.

குளிசை மீது பழி இல்லை என்பதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. இந்த நோய்க்கு வேறு சிகிச்சைகளும் உண்டு. சுரப்பியைச் சத்திரசிகிச்சை செய்து அகற்றலாம். அமெரிக்கா, பிரித்தானியா போன்ற நாடுகளில் கதிர்வீச்சு அயடீனை ஒரே ஊசியாகப் போட்டு, 100 இல் 95 பூனைகள் அளவில் குணப்படுத்துகிறார்கள். அயடீன் மிகக் குறைந்த தனி உணவு 2011 முதல் விற்பனைக்கு வந்திருக்கிறது. கத்தி வைத்தாலும் சரி, ஊசி போட்டாலும் சரி, குளிசை கொடுத்தாலும் சரி, தைரொயிட் இறங்கியதும் சிறுநீரகத்தின் எண் ஒரேமாதிரித்தான் மாறுகிறது. அப்படியானால் காரணம் மருந்தல்ல, தைரொயிட் இறங்கியதுதான்.

அப்படியானால் நோயை அப்படியே விட்டுவிடலாமா?

"தைரொயிட் கூடியிருந்தால் சிறுநீரகம் நன்றாக ஓடுகிறதே, கொஞ்சம் கூடியே இருக்கட்டுமே" என்று சிலர் நினைப்பார்கள். களைத்த மாட்டைச் சாட்டையால் அடித்து ஓட்டுவதுபோலத்தான் இது. மிச்சமிருக்கும் வடிகட்டிகளை இரவு பகலாக ஓட வைத்தால் அவையும் சீக்கிரம் தேயும். சிறுநீரில் புரதம் ஒழுகும், சிகிச்சைக்குப் பிறகு அந்த ஒழுக்கு பொதுவாகக் குறைகிறது. இருதயம் தடித்துப்போகும். இரத்த அழுத்தம் ஏறிக் கண்ணின் உட்திரை பிரிந்து, பூனை ஓர் இரவில் குருடாகிவிடவும் கூடும். மெலிந்து மெலிந்து அது படும் வேதனை தனி.

லண்டன் ரோயல் வெட்டரினரி கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2010 இல் வெளியிட்ட ஆய்வுகள் இவ்விடத்தில் ஆறுதல் தருகின்றன. தைரொயிட் சிகிச்சைக்குப் பிறகு சிறுநீரகக் குறைபாடு வெளிப்பட்ட பூனைகள், வெளிப்படாத பூனைகளைவிடக் குறைந்த காலம் வாழவில்லை. எண் ஏறியதால் ஆயுள் குறையவில்லை. ஆனால் அதே ஆய்வாளர்கள் ஒரு நிபந்தனையையும் கண்டார்கள். மருந்து மிதமிஞ்சித் தைரொயிட் தேவைக்குக் கீழே இறங்கிவிட்ட பூனைகளில் சிறுநீரகக் குறைபாடு அதிகம் காணப்பட்டது. அப்படி இரண்டும் சேர்ந்த பூனைகளின் ஆயுளும் குறைந்தது.

சகோதரி, உங்கள் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். "குளிசையை நிறுத்தட்டுமா?" என்று வைத்தியரிடம் கேட்காதீர்கள். "தைரொயிட் அளவுக்கு மேல் இறங்கிவிட்டதா?" என்று கேளுங்கள். கிரியேட்டினினோடு T4 என்ற தைரொயிட் அளவும் பார்க்கப்பட்டதா? பார்க்கவில்லையென்றால் பார்க்க வேண்டும். இந்த வயதுப் பூனைக்கு அது வழமையான அளவின் கீழ்ப் பாதியில் நின்றால் நல்லது. அதற்கும் கீழே போயிருந்தால் வைத்தியர் குளிசையின் அளவைக் குறைப்பார். அதனாலேயே கிரியேட்டினின் ஓரளவு இறங்கவும் கூடும். சந்தேகம் இருந்தால் TSH என்ற இன்னொரு சோதனையும் இருக்கிறது. T4 குறைந்து TSH ஏறியிருந்தால் மருந்து மிஞ்சிவிட்டது என்று பொருள்.

T4 சரியான இடத்தில் நின்றால், பயப்படாமல் குளிசையைத் தொடரலாம். சர்வதேசச் சிறுநீரக அமைப்பு வகுத்திருக்கும் நான்கு படிகளில், பூனைக்கு 1.6 முதல் 2.8 வரையுள்ள கிரியேட்டினின் இரண்டாம் படி. உங்கள் பூனையின் 2.2 அதற்குள் அடங்குகிறது. உணவும் நீரும் கவனித்தால் இந்தப் படியில் ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக வாழும் பூனைகள் பல. இந்த மாற்றத்தின் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் மாதத்திலேயே நடந்து முடிந்துவிடும். தைரொயிட் சீராக இருந்தால் அதன் பிறகு பெரும்பாலும் நிதானப்படும். நீங்கள் பார்த்தது ஐந்தாம் கிழமை. மூன்று மாதத்தில் இன்னொரு முறை பாருங்கள். எண் இதே அளவில் நின்றால் மனம் நிம்மதியாகலாம். நான்காம் படியை நெருங்கும் பூனைகளின் கதை வேறு. அங்கே எது முந்தியது என்று வைத்தியர்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாச் சோதனையும் செய்ய எல்லோருக்கும் வசதி இருக்காது. பணம் அளவாக இருந்தால் T4, கிரியேட்டினின், சிறுநீரின் அடர்த்தி, இரத்த அழுத்தம் ஆகிய நான்கும் முக்கியம். புதிதாகக் குளிசை தொடங்கப்போகிறவர்கள் தொடங்கும் முன்பே இவற்றைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டால், பின்னால் ஒப்பிட உதவும். கிளிநொச்சியில் அரச மிருக வைத்தியரிடம் முதலில் காட்டுங்கள். சிக்கலானால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் ஆலோசனையைப் பெற்றுத் தரும்படி அவரிடமே கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

தண்ணீரை ஒருபோதும் குறைக்காதீர்கள். அடிக்கடி சிறுநீர் போகிறது என்று சில வீடுகளில் தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிடுகிறார்கள். சிறுநீரகம் தளர்ந்த பூனைக்கு இது கொடிய தண்டனை. தளர்ந்த சிறுநீரகத்தால் நீரைப் பிடித்து வைக்க முடியாது, ஆகவே குடித்தே ஈடுகட்ட வேண்டும். வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் நீர் வையுங்கள். பூனை வாய் வைத்த நீர் அசுத்தமல்ல என்பது அபூ கதாதா (ரலி) அவர்களின் அறிவிப்பால் நாம் அறிந்ததுதான். ஒளுச் செய்யும் செம்பில் வாய் வைத்துவிட்டது என்று யாரும் அதை விரட்ட வேண்டியதில்லை.

உணவில், உப்பேறிய கருவாடு வேண்டாம். மீன் தலையும் முள்ளும் எலும்பும் பொஸ்பரஸ் நிறைந்தவை, அவற்றைக் குறையுங்கள். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் அவித்த மீன் அல்லது கோழிச் சதையை அதன் நீரோடு கொடுக்கலாம். சிறுநீரகப் பூனைக்கென்று விற்கும் தனி உணவு கிடைத்து, வாங்கவும் முடிந்தால் நல்லது. ஆனால் எந்த உணவும் பூனை தின்றால்தான் பயன். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கும். ஆகவே உணவை மெல்ல மெல்ல மாற்றுங்கள்.

கிழமைக்கு ஒருமுறை கூடையில் வைத்துத் தராசில் நிறுத்து, கொப்பியில் எழுதி வையுங்கள். வைத்தியருக்கு அந்தக் கொப்பி ஒரு சோதனைக்குச் சமம்.

குளிசை தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் வாந்தி, உணவை வெறுத்தல், முகத்தை இரத்தம் வரச் சொறிதல், மஞ்சள் நிறம், காய்ச்சல் ஆகியவை வந்தால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். சில பூனைகளுக்கு இந்த மருந்தால் வெள்ளை அணுக்கள் குறைவதும் ஈரல் பாதிப்பதும் உண்டு.

வலிக்கிறதே என்று பெனடோல் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்குச் சாதாரணமான அந்தக் குளிசை பூனையைக் கொன்றுவிடும். மூட்டுவலிக்கு நாம் போடும் டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்றவை பூனையின் சிறுநீரகத்தை நேராகவே தாக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்தைப் பற்றிப் பயப்படுவதானால் இவற்றுக்குத்தான் பயப்பட வேண்டும்.

சகோதரிகளுக்குத் தனியாக

இந்தக் குளிசையைக் கையாள்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். ஆகவே இதைக் கவனமாகப் படியுங்கள். கார்பிமசோல் உடம்பில் மெதிமசோலாக மாறும் மருந்து. அது கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க எதிர்பார்த்திருப்பவர்களும், பாலூட்டும் தாய்மாரும் முடிந்தவரை இதைத் தொடாமல் வீட்டில் வேறொருவரிடம் விடுங்கள். வேறு வழியில்லையென்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குளிசையை உடைக்கவோ அரைக்கவோ வேண்டாம். கொடுத்த பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மருந்து பூனையின் சிறுநீரிலும் வெளியேறும். கழிவு மண்ணை அள்ளும்போதும் இதே கவனம் தேவை. பூனைக் கழிவிலிருந்து தொற்றக்கூடிய டொக்சோபிளாஸ்மா நோயும் கருவைப் பாதிக்கும் என்பதால், கர்ப்பிணிகள் அந்த வேலையையே வேறொருவரிடம் கொடுப்பது நல்லது.

தைரொயிட் நோய் மனிதரில் ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகம். சகோதரிகளில் சிலரும் இதே கார்பிமசோலைக் குடிப்பவர்களாக இருக்கலாம். உங்கள் குளிசையைப் பூனைக்கும் பூனையின் குளிசையை உங்களுக்கும் பங்கு போடாதீர்கள். பூனையில் நாம் பார்த்த கணக்கு ஓரளவு மனிதருக்கும் பொருந்தும். தைரொயிட் கூடினால் கிரியேட்டினின் குறைந்து காட்டும், தைரொயிட் குறைந்தால் ஏறிக் காட்டும். ஆகவே கிரியேட்டினின் ஏறியிருக்கிறது என்று சொல்லப்பட்டால், தைரொயிட்டுக்கு மருந்து எடுப்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கார்பிமசோல் எடுப்பவருக்குக் காய்ச்சலோடு தொண்டை நோவு வந்தால், தடிமன்தானே என்று கசாயத்தோடு இருந்துவிடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் பார்க்க வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்ததற்கு அது அறிகுறியாக இருக்கலாம்.

ஒரு பூனைக்கு இவ்வளவா?

கடிதத்தின் ஓரத்தில் சகோதரி ஒரு வரி எழுதியிருக்கிறார்: "பூனைக்குச் செலவழிக்கிறாய் என்று அயலார் சிரிக்கிறார்கள்." சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நெல் மூடை அடுக்கிய வீட்டில் பூனை வெறும் செல்லப்பிராணி அல்ல. எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் மனிதரின் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்குகிறது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அதனால் உயிர்கள் போனதை வடக்கு மறந்திருக்காது. இத்தனை ஆண்டு வீட்டில் எலியை விரட்டிய பிராணி முதுமையில் கொஞ்சம் கவனிப்பைக் கேட்பதில் தவறில்லை. பூனையை அடைத்து வைத்துப் பட்டினி போட்ட பெண் அதற்காகவே தண்டிக்கப்பட்டாள் என்ற நபிமொழியையும், பூனைக்குட்டியால் பெயர் பெற்ற அபூ ஹுரைரா (ரலி) அவர்களையும் நம் பிள்ளைகள் மதரஸாவில் படிக்கிறார்கள்.

அதற்காகக் கடன்பட்டு வைத்தியம் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். குளிசையும், மூன்று மாதத்துக்கு ஒரு சோதனையும், சட்டி நிறையத் தண்ணீரும் உங்களால் இயலுமென்றால் அவற்றைச் செய்யுங்கள். மாமி விட்டுச் சென்ற அமானிதத்துக்கு அதுவே போதும். கணவரிடம் இந்தப் பக்கத்தை வாசிக்கக் கொடுங்கள். குளிசையை நிறுத்தும்படி அவர் சொன்னதும் பூனையின் மேலுள்ள இரக்கத்தால்தான். விஷயம் தெரிந்தால் அவரே தராசைத் தூக்கிக்கொண்டு வருவார், இன்ஷா அல்லாஹ்.

அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.